கல் வயது சொல்ல மறுக்கும்போது: கடல் நுண்சுவடு பார்ப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுவந்து, திருகோணமலையில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்திலோ வீட்டு விறாந்தையிலோ வைத்து, அதற்குள் இருக்கும் கடல் நுண்சுவடுகளால் வயது பார்க்க முயல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஒரு சாதாரண நுணுக்குக்காட்டி, 63 மைக்ரோன் சல்லடை, மெல்லிய தூரிகை, கறுப்புத் தட்டு இருந்தால் போதும். எப்படித் தொடங்குவது என்பதைப் பாடநூல்கள் சொல்லிவிடும். தொடங்கிய பிறகு எங்கே சிக்கும், சிக்கினால் என்ன செய்வது என்பதுதான் இங்கே.

அடிப்படையை மட்டும் ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். ஃபொராமினிஃபெரா (சுருக்கமாக ஃபோராம்), கொக்கோலித் என்ற சுண்ணத் தட்டுகளைச் சுமக்கும் பாசிகள், ரேடியோலேரியா போன்றவை கடலில் மிதந்தும் அடியில் ஊர்ந்தும் வாழ்ந்த நுண்ணுயிர்கள். அவை விட்டுப்போன ஓடுகளும் தட்டுகளும்தான் கடல் நுண்சுவடுகள். ஓர் இனம் ஒரு காலத்தில் தோன்றும், நீரோட்டத்தோடு பெருங்கடல்கள் எங்கும் பரவும், பிறகு ஒரு காலத்தில் அற்றுப்போகும், திரும்பி வராது. அந்தத் தோற்றமும் மறைவும் எப்போது நடந்தன என்று ஆழ்கடல் துளைமாதிரிகளில் பூமியின் காந்தத் திசை மாற்றங்களோடும் வேறு கடிகாரங்களோடும் ஒப்பிட்டுக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் கல்லில் எந்தெந்த இனம் சேர்ந்து இருக்கிறது என்று பார்த்தால், அவை எல்லாம் ஒருங்கே வாழ்ந்த காலத் துண்டு கிடைக்கும்.

இதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பெயர் தெரியாததால் வருவதில்லை. ஓடு அந்தப் பாறைப் படைக்குள் எப்படி வந்தது என்று கேட்காமல், நேரே பெயரைத் தேடப் போவதால் வருகின்றன. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் இதையே திரும்பத் திரும்பக் கேட்பேன், அலுத்துக்கொள்ள வேண்டாம்.

கழுவிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை

முதலில் கல்லைச் சந்தேகியுங்கள், கையை அல்ல. திருகோணமலைக்காரருக்கு இது முக்கியம். நம் ஊரின் முனைகளும் மேடுகளும், கோணேசர் கோயில் நிற்கும் குன்று உட்பட, பிரீகேம்பிரியன் காலத்து உருமாறிய பாறைகள். குவார்ட்சைட், நைஸ், சார்னொக்கைட் வகைகள்தான் இங்கே. ஏறத்தாழ 550 முதல் 610 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அதற்கு முன் அவற்றில் சில கடலடி மணலாகவே இருந்திருந்தாலும், ஓடு கட்டும் ஃபொராமினிஃபெரா அந்தக் காலத்தில் இல்லை. வேறு எதுவும் இருந்திருந்தால் அதுவும் வெந்து போயிருக்கும். இந்தக் கல்லில் நுண்சுவடு தேடுவது வீண்வேலை. கோயில் குன்றில் சுத்தியல் வைப்பது அதைவிடப் பெரிய பிழை. அது வேறு கதை.

சோதிக்க எளிய வழி உண்டு. கல்லின் புதிய முறிவில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது கல்சியம் காபனேற்று; நம்பிக்கை உண்டு. வினாகிரி பலம் குறைந்தது என்பதால் முதலில் கல்லைக் கொஞ்சம் தூளாக்கிக்கொண்டு அதில் விடுங்கள். நுரைக்காமல், கத்தியால் கீறினாலும் கோடு விழாமல், கண்ணாடியைக் கீறுகிறதென்றால் அது பெரும்பாலும் குவார்ட்சைட்.

இலங்கையில் நிலத்தின் மேலே கடல் நுண்சுவடு தேட ஏற்றது மயோசீன் காலத்து (சுமார் 23 முதல் 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய) சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடு, மன்னார், புத்தளம் பக்கம் அருவக்காலு, தென்கிழக்கில் மினிஹாகல்கந்த ஆகிய இடங்களில் இது இருக்கிறது. குடாநாட்டில் கிணறு வெட்டிய இடத்தில் கொட்டிக் கிடக்கும் கல்லே போதும். சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தருவார்கள். ஆனால் தப்போவ, ஆண்டிகம பக்கத்து யுராசிக் படைகளைக் கொண்டுவந்து ஃபோராம் தேடாதீர்கள். அவை நன்னீரில் படிந்தவை. இலைச்சுவடு கிடைக்கும், கடல் ஓடு கிடைக்காது. வயது அதிகம் என்பதற்காகக் கடல் என்று ஆகிவிடாது.

கல் சரியானதுதான், வினாகிரிக்கும் நுரைக்கிறது, ஆனாலும் வெறுமை என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, மேற்பரப்புக் கல்லை எடுத்திருக்கிறீர்கள். நம் பருவமழையில் மேல்கல்லின் ஓடுகள் கரைந்து, உள்ளே வெறும் அச்சுக்குழிகள் மட்டும் இருக்கும். முழங்கை அளவாவது உள்ளே தோண்டி, நிறம் மாறாத கல்லாக எடுங்கள். மற்றது, சுண்ணாம்புக்கல்லே மறுபடி படிகமாகி சீனிக்கல் போலப் பளபளக்கிறது. அதில் ஓட்டின் வடிவம் அழிந்திருக்கும். அடுத்த படைக்குப் போவதைத் தவிர வழியில்லை.

கல் கரையவே மாட்டேன் என்கிறது

மென்மையான களிமண்கல், மார்ல் (சுண்ணமும் களியும் கலந்த கல்) என்றால் தண்ணீரில் ஓரிரவு போட்டாலே குழைந்துவிடும். குழையாவிட்டால் இலேசான வழியிலிருந்து கடினமான வழிக்குப் போங்கள். கடலை அளவு துண்டுகளாக உடைத்து (தூளாக்கக் கூடாது, ஓடும் தூளாகும்) நன்றாகக் காயவைத்து, சலவைச் சோடா கரைத்த நீரில் மெதுவாகக் கொதிக்க விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், முற்றாகக் காய்ந்த துண்டுகளை மண்ணெண்ணெயில் சில மணி நேரம் ஊறவைத்து, எண்ணெயை வடித்துவிட்டு, சுடுதண்ணீர் ஊற்றுங்கள். துளைகளுக்குள் போன எண்ணெயைத் தண்ணீர் வெளியே தள்ளும்போது கல் பிளக்கும். கல் ஈரமாக இருந்தால் இது வேலை செய்யாது. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். அடுப்புப் பக்கத்தில் செய்ய வேண்டாம் என்பதைச் சொல்லவா வேண்டும்?

ஐதரசன் பெரொக்சைட் நல்லது, குறிப்பாகக் கரிமம் கலந்த கறுப்புக் களிக்கு. ஆனால் அது மெல்லிய அமிலத் தன்மை உடையது. நாட்கணக்கில் விட்டால் மெல்லிய ஓடுகளைத் தின்றுவிடும். ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்த்து, நுரை அடங்கியதும் கழுவிவிடுங்கள். பைரைட் கலந்த கல்லில் பாத்திரம் சட்டென்று சூடேறிப் பொங்கும். பெரிய பாத்திரத்தில் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கடின சுண்ணாம்புக்கல்லுக்கு இவற்றில் எதுவும் சரிவராது. அதற்காக ஐதரோகுளோரிக் அமிலத்தை எடுக்காதீர்கள். கல்லைக் கரைக்கும் அமிலம் ஓட்டையும் கரைக்கும், இரண்டும் ஒரே பொருள். இந்தக் கல்லுக்கு மெல்லிய வெட்டுதான் வழி: ஒரு பக்கத்தைத் தேய்த்து மினுக்கி, கண்ணாடித் தட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை, அதாவது சுமார் 30 மைக்ரோன் தடிப்புவரை, மறுபக்கத்தைத் தேய்ப்பது. கையால் தேய்ப்பதற்குப் பொறுமை வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு பத்துத் தேய்ப்புக்கும் நுணுக்குக்காட்டியில் பாருங்கள். இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தால் தட்டு வெறுமையாகிவிடும்.

ஓடுகள் வருகின்றன, ஆனால் நேற்றுச் செத்தவை போல இருக்கின்றன

பளிங்குபோலத் தெளிந்த சுவர், உள்ளே மண் நிரம்பாத அறைகள், சில வேளை மஞ்சள் பச்சையாகக் காய்ந்த உயிர்ப்பொருள். இது உங்கள் கல்லிலிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு. பழைய மாதிரியின் மிச்சம் சல்லடைக் கண்களில் ஒட்டியிருந்திருக்கும். நிலாவெளி மணலை முந்தின வாரம் அதே சல்லடையில் கழுவியிருந்தால், அந்த மணலில் உள்ள இன்றைய ஃபோராம்கள் மயோசீன் மாதிரிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுங்கள். அதில் சிக்கியிருந்த ஓடு நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓட்டைக் கண்டால் அது விருந்தாளி என்று தள்ளிவிடலாம். சல்லடையே வாங்க வசதியில்லையென்றால், ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் விற்கும் நெருக்கமான நைலோன் வலைத்துணி போதும். மாதிரிக்கு ஒரு துண்டு, வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்; கலப்படச் சந்தேகமே வராது.

உப்புவெளியிலோ உட்துறைமுகக் கரையிலோ இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கடல் தண்ணீரில் மாதிரி கழுவாதீர்கள். கையருகே இருக்கிறது, செலவில்லை என்று தோன்றும். அதில் இன்று வாழும் கொக்கோலித் பாசிகள் மிதக்கின்றன. ஒரு வாளி கடல் நீர் உங்கள் மயோசீன் கல்லை இன்றைய கல்லாக்கிவிடும்.

எச்சத்தில் கறுப்பு மணிகள் நிறைந்திருந்தால் அது வேறு அறிகுறி. புல்மோட்டைப் பக்கத்துக் கரைமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் போன்ற கனமான கனிமங்கள் ஏராளம். சுண்ணாம்புக்கல் மாதிரியில் அவை குவியலாக வந்தால், பை எங்கோ கரையில் திறந்து கிடந்திருக்கிறது. நல்ல பலமான காந்தத்தைக் கடதாசியில் சுற்றி மேலே ஓட்டினால் இல்மனைட்டின் பெரும்பகுதி ஒட்டிக்கொள்ளும்; மிச்சத்தைப் பார்க்க எளிது. ஆனால் அந்த மாதிரியை வயது சொல்ல நம்பாதீர்கள்.

எது ஓடு, எது மணல் என்றே தெரியவில்லை

முதல் வாரத்தில் எல்லோருக்கும் இது நடக்கும். மைக்காத் துகள் மினுங்கும், குவார்ட்ஸ் மணி உருண்டிருக்கும், இரண்டும் ஓடு போலவே இருக்கும். தூரிகையை நனைத்து மணியை ஈரமாக்கிப் பாருங்கள். ஓட்டில் நுண்துளைகள் தெரியும், அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருத்துச் சுற்றிவருவது தெரியும், கடைசி அறையில் வாய் ஒன்று இருக்கும். பெயர் கண்டுபிடிப்பது இந்த வாயின் வடிவத்தையும் இடத்தையும் கொண்டுதான். எனவே ஓட்டைப் புரட்டிப் பாராமல் பெயர் எழுதக் கூடாது.

ஓர்புலினா மட்டும் விதிவிலக்கு. முழு உருண்டை, வாய் தெரியாது, சுற்றுமுற்றும் பெரிதும் சிறிதுமாகத் துளைகள். கடைசி அறை முந்தினவற்றையெல்லாம் முழுதாக விழுங்கிவிடும். அதை மணல் என்று தள்ளிவிடுவது பெரிய இழப்பு, ஏனென்றால் ஓர்புலினா தோன்றியது சுமார் 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். கடலில் அது இன்றும் வாழ்கிறது. உங்கள் படையில் உண்மையாகவே அது இருந்தால் அந்தப் படை நடு மயோசீனுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஐயம் தீராவிட்டால் ஊசியால் மெல்ல அழுத்துங்கள். ஓடு நொறுங்கினால் உள்ளே பழைய அறைகளின் சிறு கொத்துத் தெரியும். குவார்ட்ஸ் மணி நழுவி ஓடிவிடும்.

63 மைக்ரோனுக்கு மேலுள்ள எல்லாவற்றையும் பெயரிட முயலாதீர்கள். சிறியவற்றில் பாதி குஞ்சுகள், எல்லா இனத்துக் குஞ்சும் ஒன்றுபோல இருக்கும். 125 அல்லது 150 மைக்ரோனுக்கு மேல் தங்குவதை மட்டும் எடுங்கள்.

ஒரே மாதிரியில் இரண்டு வயது வருகிறது

எல்லாவற்றிலும் இதுதான் சுவையானது. அதிகம் குழப்புவதும் இதுதான். ஒரு சிட்டிகை எச்சத்தில், பழுப்பு நிறமேறி உள்ளே இறுகிய களி நிரம்பிய ஓடுகள் சில, அவற்றுக்குப் பக்கத்திலேயே வெண்மையான, வெற்று அறைகளோடு இருக்கும் ஓடுகள் சில. ஒன்றுக்கு ஒரு வயது, மற்றதற்கு வேறு வயது. எதை நம்புவது?

வங்காள விரிகுடாவின் அடியில் இது அன்றாடக் காட்சி. இமயமலையிலிருந்து கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவரும் மண் விரிகுடாவின் அடியில் விசிறிபோலப் படிந்து, இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. 1987இல் ஜொய்டிஸ் ரெசொலூஷன் கப்பல் இலங்கைக்குத் தெற்கே அந்த விசிறியின் தொலைமுனையைத் துளைத்தது. அடியில் சரிந்து வரும் சேற்று நீரோட்டங்கள் வழியில் பழைய படைகளை அரித்து, அவற்றின் ஓடுகளையும் சேர்த்துக்கொண்டுவந்து புதிய படையில் போடுகின்றன. அப்படி மறுபடிவான ஓடு பழைய வயதைச் சொல்லும். அது கிடக்கும் படையோ புதியது.

எளிய விதி ஒன்று: திறந்த பாறை முகத்திலோ முழுத்துளைமாதிரியிலோ எடுத்த கல்லில், கலப்படம் இல்லையென்று உறுதியானால், படையின் வயதை மிக இளைய இனம் கட்டுப்படுத்தும். படை அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. உதாரணமாக, கொக்கோலித்தைப் போன்ற நுண்ணிய, நட்சத்திர வடிவ டிஸ்கொயாஸ்டர்கள் சுமார் 1.93 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின. எமிலியானியா ஹக்ஸ்லியி என்ற நுண்ணிய கொக்கோலித் தோன்றியது சுமார் 0.29 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் அவை ஒரு நாளும் ஒன்றாக வாழ்ந்தவை அல்ல. டிஸ்கொயாஸ்டர் கொண்டுவந்து போடப்பட்டது, படை 0.29 மில்லியன் ஆண்டைவிட இளையது. ஆனால் எமிலியானியா ஒன்றே ஒன்று என்றால், மேலே சொன்ன வாளித் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய பல்குத்தியும் புதிய தட்டும் எடுத்து, கல்லின் நடுவிலிருந்து சுரண்டி மறுபடி பாருங்கள்.

மறுபடிவைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்குச் சில தடயங்கள் உண்டு. நிறம் மற்றவற்றோடு பொருந்தாது. அறைக்குள் நிரம்பியிருக்கும் களி, சுற்றியுள்ள கல்லின் களியாக இராது. விளிம்பு தேய்ந்திருக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் நீரோட்டம் தரம்பிரித்திருக்கிறது என்று பொருள். உயிரோடு வாழ்ந்த கூட்டத்தில் குஞ்சும் பெரியதும் கலந்திருக்க வேண்டும். கடைசியாக, மேல் கீழ் மாதிரிகளைப் பாருங்கள். உண்மையாக வாழ்ந்த இனம் தொடர்ந்து வரும். மறுபடிந்தது இடைக்கிடை, காரணமில்லாமல் தலைகாட்டும்.

குழாய்க்கிணறு தோண்டியவர்கள் தந்த தூள் என்றால் விதி தலைகீழாகும். துளைக்கும்போது மேல் சுவரிலிருந்து இளைய கல் உதிர்ந்து அடித்தூளோடு கலந்து மேலே வரும். அங்கே இளைய இனத்தை நம்பினால் ஒவ்வொரு ஆழமும் இளையதாகிவிடும். அதனால் துளைத்தூளில் மேலிருந்து கீழே போகும்போது ஓர் இனம் முதலில் தென்படும் ஆழத்தை மட்டும் எடுங்கள். அது அந்த இனம் உலகிலிருந்து மறைந்த காலத்தைக் குறிக்கும். கீழேயிருந்து மேலே உதிர முடியாது என்பதால் இந்தத் தரவை நம்பலாம். இனம் தோன்றிய காலத்தைத் துளைத்தூளில் நம்பவே கூடாது. எண்ணெய்த் துளைகளில் வேலை செய்பவர்கள் இப்படித்தான் மேலிருந்து கீழே எண்ணுகிறார்கள். வழக்கத்தால் அல்ல, வேறு வழியில்லாததால்.

கிடைத்ததெல்லாம் நெடுங்காலம் வாழ்ந்த இனங்கள்

அமோனியா, எல்ஃபிடியம் போன்ற அடிவாழ் ஃபோராம்கள் மட்டும் வருகின்றன, மிதக்கும் வகை ஒன்றும் இல்லை. இதில் கோளாறு ஒன்றுமில்லை. உங்கள் கல் ஆழம் குறைந்த கடலில், ஒருவேளை கழிமுகத்துக்குப் பக்கத்தில், படிந்தது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் கரையோரச் சேற்றைக் கழுவினாலும் ஏறத்தாழ இந்தக் கூட்டம்தான் வரும். மிதக்கும் ஃபோராம்கள் திறந்த கடலை விரும்புபவை, கரைக்கு வர மாட்டா. மிதப்பவற்றுக்கும் அடியில் வாழ்பவற்றுக்கும் உள்ள விகிதத்தை எண்ணிப் பார்த்தால் கடல் எவ்வளவு திறந்திருந்தது என்று தெரியும், வயது தெரியாது.

இந்த இடத்தில் மிதப்பவற்றை விட்டுவிட்டு, பெரிய அடிவாழ் ஃபோராம்களைத் தேடுங்கள். இவை மில்லிமீற்றர் கணக்கில் வளர்பவை, வெறுங்கண்ணுக்கே தட்டுப்படும். நல்ல வெளிச்சத்தில் ஈரமான கல்முறிவைச் சாய்த்துப் பாருங்கள்: சிறு வட்டங்கள், பருப்பு வடிவங்கள், உள்ளே நெருக்கமான சுற்றுகள். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் சூடோடாபெரினா மலபாரிக்கா கிடைக்கிறது. பழைய நூல்களில் இதை டாபெரினா, ஓர்பிகுலினா என்றெல்லாம் எழுதியிருப்பார்கள், அதே ஆள்தான். கேரளத்துக் கொல்லம் படைகளிலும் அதுவே இருக்கிறது. முதலில் 19ஆம் நூற்றாண்டில் கார்ட்டர் என்பவர் மலபார்ப் பகுதியிலிருந்து விவரித்ததால்தான் அந்தப் பெயர். கீழ் மயோசீனின் பர்டிகாலியன் கட்டத்துக்கு, அதாவது சுமார் 20 முதல் 16 மில்லியன் ஆண்டு வரையான காலத்துக்கு, இது நம்பகமான அடையாளம். கொல்லத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே இன்று ஒரு கடலும் ஒரு எல்லையும் இருக்கின்றன. இந்த ஓட்டுக்கு அவை பொருட்டில்லை. 1923இல் வேலண்ட், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இலங்கை மயோசீனை விவரித்தபோது நம்பியதும் இத்தகைய ஓடுகளைத்தான்.

பெரிய ஃபோராமை வெளித்தோற்றத்தால் மட்டும் பெயரிடாதீர்கள். நடுவில் வெட்டித் தேய்த்து உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். சரியான நடுவெட்டு கிடைக்க நான்கைந்து மாதிரியாவது வீணாகும், அதற்கேற்பக் கல் கொண்டுவாருங்கள்.

ஓடு உண்டு, ஆனால் நான் படித்த அட்டவணை பொருந்தவில்லை

இரண்டு காரணம். ஒன்று, அட்டவணை பழையது. 2009இல் பிளைஸ்டோசீன் காலத்தின் தொடக்கத்தை 1.8 மில்லியன் ஆண்டிலிருந்து 2.58 மில்லியன் ஆண்டுக்கு மாற்றினார்கள். அதற்கு முந்திய நூலில் பிளையோசீன் என்று எழுதியிருக்கும் கல், இன்றைய கணக்கில் பிளைஸ்டோசீன் ஆகிவிடலாம். ஓடு மாறவில்லை, எல்லைக்கல் மாறிவிட்டது. எப்போதும் இனத்தின் பெயரையும் மில்லியன் ஆண்டையும் எழுதுங்கள். காலப்பெயரை மட்டும் எழுதினால் பிற்பாடு யாருக்கும் புரியாது.

மற்றது, அட்டவணை வேறு கடலுக்குரியது. குளோபிஜெரினொயிடிஸ் ரூபர் என்ற மிதக்கும் ஃபோராமில் இளஞ்சிவப்பு வகை ஒன்று உண்டு. அத்திலாந்திக்கில் அது இன்றும் வாழ்கிறது. இந்துப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் சுமார் 120,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டது. திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் எடுத்த சேற்றில் அந்த இளஞ்சிவப்பு ஓடு இருந்தால், மறுபடிவு இல்லையென்ற பட்சத்தில், அந்தச் சேறு 120,000 ஆண்டைவிடப் பழையது. அதே ஓடு கரீபியன் சேற்றில் இருந்தால் ஒன்றும் சொல்லாது. நுணுக்குக்காட்டியில் அதன் நிறம் வெளிறிய ரோசாவாக, முதல் அறைகளில் அழுத்தமாகத் தெரியும். மஞ்சள் மின்குமிழ் வெளிச்சத்தில் தவறிவிடும், வெள்ளை வெளிச்சம் வையுங்கள்.

பல இனங்கள் ஒரே கோட்டில் மறைகின்றன

அழிவு நடந்தது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். இடையில் படிவு நின்றோ அரிக்கப்பட்டோ இருந்தாலும் இப்படித்தான் தெரியும். மேலும் கீழும் மாதிரிகளை நெருக்கமாக எடுத்துப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் துளைகள் நிறைந்த, துருநிறமான கடினப் பரப்பு ஒன்று அந்தக் கோட்டில் இருந்தால் இடைவெளி என்பது பெரும்பாலும் உறுதி. மறுபக்கம், உண்மையான பேரழிவும் ஒரே கோட்டில் தெரியாமல் படிப்படியாகத் தெரியலாம். அரிதான இனத்தின் கடைசி ஓடு உங்கள் கையில் அகப்படாமல் போவதால் அது முன்கூட்டியே மறைந்ததுபோலத் தோன்றும். இதை 1982இல் சிக்னர், லிப்ஸ் என்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். டைனோசர்கள் அழிந்த, 66 மில்லியன் ஆண்டுக்கு முந்திய அந்தப் பேரழிவுக் கோட்டைப் பார்க்க விரும்பினால் நம் பக்கத்தில் இல்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் அரியலூர்ப் பக்கம் கிரெட்டேசியஸ் படைகளும் அவற்றுக்கு மேலே நின்னியூர்ப் படைகளும் இருக்கின்றன.

களப்புச் சேற்றில் ஆழ்கடல் ஓடு

திருகோணமலை மாவட்டத்தில் களப்புகளைத் தோண்டும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கறுப்புச் சேற்றுக்கு நடுவே ஒரு விரல் தடிப்பில் வெளிறிய மணல். அதைக் கழுவினால் கரைக்கப்பால் வாழும் ஃபோராம், உடைந்த பவளம், கடல் முள்ளெலி முட்கள். களப்பு ஒரு காலத்தில் ஆழ்கடலாக இருந்ததா? இல்லை. கடல் ஒருமுறை உள்ளே வந்துபோயிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர்க் கரைகளில் இப்படித்தான் மணல் பரப்பியது. 1964 டிசம்பரில் வந்த சூறாவளியும் ஒரு காரணமாகலாம்.

இரண்டையும் பிரிப்பது எளிதல்ல. மணலின் அடிக்கோடு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாகவும், கீழ்ச்சேற்றின் கிழிந்த துண்டுகள் மணலுக்குள் சிக்கியும், மேலே போகப்போகப் பொடியாகியும், கரையிலிருந்து உள்ளே போகப்போக மெலிந்தும் இருந்தால் ஆழிப்பேரலை என்று சந்தேகிக்கலாம். ஓடுகளில் உள்ளது மிக ஆழத்து இனமென்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் வயதை இந்த ஓட்டின் இனப்பெயரால் சொல்ல முயலாதீர்கள். அவை இன்றும் வாழும் இனங்கள். மணலுக்கு மேலும் கீழுமுள்ள சேற்றில் இலை, விதை இருந்தால் அதைக் கதிரியக்கக் காபன் முறைக்கு அனுப்பலாம்; ஓட்டை அனுப்பினால் கடல் நீரின் பழைய காபனால் சில நூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும், அதற்குத் திருத்தம் போட வேண்டும்.

சுண்ண ஓடே இல்லை, வேறு ஏதோ இருக்கிறது

ஆழம் சுமார் 4,500 முதல் 5,000 மீற்றரைத் தாண்டினால் சுண்ண ஓடு அடிக்குப் போய்ச் சேருமுன்போ சேர்ந்த பின்போ கரைந்துவிடும். அத்தகைய சேற்றில் சிலிக்கா ஓடுகள் மிஞ்சும்: ரேடியோலேரியாவின் கூட்டு வலைகள், டயாட்டம் தட்டுகள். அவற்றுக்கும் தனி அட்டவணை உண்டு. மிதமாகக் கரைந்த மாதிரியில் தடித்த ஓடுகள் மட்டும் தப்பியிருக்கும். மெல்லியவை இல்லாததை அவை அழிந்த காலமென்று எழுதிவிடாதீர்கள்.

கொக்கோலித் பார்க்கத் தனி நுணுக்குக்காட்டி இல்லையே என்று விடத் தேவையில்லை. பாடசாலையின் கூட்டு நுணுக்குக்காட்டியில் எண்ணெய்ப் பொருளருகுவில்லையைப் போட்டு, பழைய கணிப்பான் திரையிலிருந்து உரித்த இரண்டு பொலரொய்ட் தாள்களை ஒன்று கீழும் ஒன்று மேலுமாக வைத்து, ஒன்றைத் திருப்பிப் புலம் இருளும்வரை கொண்டுவாருங்கள். கொக்கோலித் ஒவ்வொன்றும் சிறு கறுப்புச் சிலுவை பதிந்த வெளிச்ச வட்டமாக எரியும். டிஸ்கொயாஸ்டர் மட்டும் ஏறக்குறைய இருண்டே கிடக்கும். அதைக் காணச் சாதாரண வெளிச்சத்துக்குத் திரும்ப வேண்டும்.

சுண்ணமும் இல்லை, சிலிக்காவும் இல்லை, கல் கரிமக் கறுப்பு என்றால் டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர்களின் உறைகள் இருக்கலாம். அவை அமிலத்துக்கு அசையா. ஆனால் அவற்றைப் பிரிக்க ஐதரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். அதைப் பாடசாலையிலோ வீட்டிலோ தொடவே கூடாது. தோலில் பட்டால் உடனே வலிக்காமல்கூட உள்ளே போய் எலும்புவரை தின்னும். அந்த மாதிரியைக் கழுவாமல், அலுமினியத் தாளில் சுற்றி, எடுத்த இடம், ஆழம், திகதி எழுதிக் கட்டி, பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் ஆய்வுகூடத்தில் புகைப்போக்கியும் பயிற்சியும் உள்ள ஒருவரிடம் கொடுங்கள். சீட்டை உள்ளே வையுங்கள், வெளியே ஒட்டினால் ஈரத்தில் உரிந்துவிடும்.